கெளுத்தி கூட்டித் துடைக்க வந்த மீனில்லை

மீன் கடைக்குப் போய் “ஒரு கெளுத்தி வேணும்” எண்டு கேட்டுப் பாருங்கள். எந்தக் கெளுத்தி எண்டு கடைக்காரர் திருப்பிக் கேட்பது அரிது. தொட்டி எத்தனை அடி, உள்ளே வேறு என்ன மீன் இருக்கு, கிணற்றுத் தண்ணியா குழாய்த் தண்ணியா எண்டும் கேட்கமாட்டார். வலையைப் போட்டு, கறுப்பாய்த் தெரியும் ஒன்றை அள்ளிப் பையில் கட்டித் தருவார். “அடியில கிடக்கிற ஊத்தை எல்லாத்தையும் இது திண்டு போடும் தம்பி” எண்டு ஒரு உத்தரவாதமும் தருவார். மற்ற மீன்களை நாங்கள் நிறத்துக்கும் அழகுக்கும் வாங்குகிறோம். கெளுத்தியை மட்டும் வேலைக்கு எடுக்கிறோம்.

இந்த ‘வேலைக்கு எடுக்கிற’ யோசனை எவ்வளவு பிழையானது எண்டு எனக்கு விளங்கினது, ஆபிரிக்க சிக்லிட் தொட்டி ஒன்றுக்கு ஏற்ற கெளுத்தியைத் தேடிய மூன்று மாதத்தில்தான்.

தொட்டி நான் வாங்கியதில்லை. பெரியம்மாவின் மகன், நான் அண்ணா எண்டு கூப்பிடுகிறவர், 2023 தொடக்கத்தில் கனடாவுக்குப் போனார். போக முதல் மோட்டார் சைக்கிளை விற்றார், கிற்றாரைக் கூட்டாளிக்குக் கொடுத்தார், மீன்தொட்டியை என்னிடம் விட்டார். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் பார்த்தால் 250 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே 14 மீன்கள். ஒன்பது மஞ்சள், ஐந்து வெளிர்நீலம். மஞ்சள்தான் கடைகளில் ‘இலெக்ரிக் யெலோ’ எண்டு விற்கிற லபிடோகுரோமிஸ் செருலியஸ். நீலம் சொக்கொலொபி. இரண்டும் மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழும் ‘ம்புனா’ கூட்டத்தைச் சேர்ந்தவை. ம்புனா எண்டால் மலாவியின் தொங்கா மக்களுடைய மொழியில் பாறைமீன்.

ஒரு மாதம் கழித்து வட்ஸ்அப்பில் அண்ணா கேட்டார், “அடியில சாப்பாடு மிஞ்சுதோ?”

“கொஞ்சம் மிஞ்சுது.”

“அப்ப ஒரு கெளுத்தி வாங்கி விடன்.”

“எது அண்ணா?”

“ஏதாவது ஒண்டு. எல்லாம் கிளீன் பண்ணும்தானே.”

‘ஏதாவது ஒண்டு’ எண்டு சொல்லக்கூடிய அளவுக்குக் கெளுத்தி ஒரு மீன் இல்லை. உலகத்தில் 3,000க்கு மேற்பட்ட கெளுத்தி இனங்கள் இருக்கின்றன. விரல் நுனி அளவில் வளர்ந்து முடிகிறவையும் அதற்குள் உண்டு. 2005 இல் தாய்லாந்தில் பிடிபட்ட மீகொங் பெருங்கெளுத்தி 293 கிலோ நிறை. மீசை இருக்கு, செதில் இல்லை எண்ட இரண்டு விசயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவையும் ஒரே பெயரில் அடக்கினால், தொட்டியில் விடும்போது பிரச்சினை வரத்தான் செய்யும்.

‘ஆபிரிக்க சிக்லிட்’ எண்ட பெயரும் இதே மாதிரித்தான். மலாவி ஏரி, தங்கனிக்கா ஏரி, விக்ரோரியா ஏரி எண்டு மூன்று பெரிய ஏரிகள். மலாவியில் மட்டும் பல நூறு சிக்லிட் இனங்கள், பெரும்பாலானவை உலகத்தில் வேறு எங்கும் இல்லை. தங்கனிக்கா 1,470 மீற்றர் ஆழம், உலகிலேயே இரண்டாவது ஆழமான ஏரி. இரண்டு ஏரிக்கும் இடையில் சில நூறு கிலோமீற்றர் தரை. ஒரு ஏரியின் மீன் மற்ற ஏரியின் மீனைக் கண்டதே இல்லை. கடையில் மட்டும் எல்லாம் ‘ஆபிரிக்கன்’ எண்டு ஒரே தொட்டிக்குள் நீந்துது.

சிக்லிட் குடும்பம் எங்களுக்கு முற்றிலும் புதுசு எண்டும் சொல்ல ஏலாது. 1952 இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா ஓர் ஆபிரிக்க சிக்லிட்தான். வன்னிக் குளத்தில் பிடித்து, புளி விட்டு, சட்டியில் வைத்த குழம்புக்குள்ளால அந்தக் குடும்பத்தோட எங்களுக்கு எழுபது வருசப் பழக்கம்.

சரி, தேடலுக்கு வருவம். நான் முதலில் பார்த்தது தண்ணியை. எங்கட வீடு உரும்பிராயில். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதனால் கிணற்றுத் தண்ணி வன்னீர். சவர்க்காரம் லேசில் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும், அம்மா மாதத்துக்கு ஒருக்கால் தேசிக்காய் போட்டு அதை அவிப்பா. நாங்கள் குறை சொல்லுகிற இந்தத் தண்ணிதான் மலாவி மீன்களுக்குத் தோதானது. மலாவி ஏரி எங்கட கிணற்றளவுக்கு வன்மையானது இல்லை, ஆனால் காரத்தன்மையானது. பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை. தங்கனிக்கா இன்னும் கூட, 9 ஐத் தொடும். எங்கட கிணற்றுத் தண்ணி அள்ளின உடனே 7.6 காட்டிச்சுது. தொட்டியில் காற்றோட்டத்தோடு ஒரு நாள் நின்றால் 8. சுண்ணாம்பு கரைந்திருப்பதால் அந்தப் பெறுமானம் சட்டெண்டு விழாது. வெளிநாட்டில் இதற்கெண்டு பைக்கற்றில் உப்புக்கலவை வாங்கிக் கலக்கிறார்கள். எங்களுக்குக் கப்பியும் வாளியும் போதும். காணிக்குள் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லையே கழுவிப் பாறையாய் அடுக்கலாம். கடற்கரைப் பவளக்கல்லைத் தேடிப் போகவேண்டாம், அதைத் தோண்டி எடுப்பது சட்டவிரோதம். இன்னொன்று, வன்மை வேறு, உவர் வேறு. கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணி இந்த மீன்களுக்குச் சரிவராது.

தண்ணி இப்படி எண்டு தெரிந்த பிறகு, கடையில் கிடைக்கும் கெளுத்திகளை ஒவ்வொன்றாய்த் தள்ள முடிந்தது.

முதலில் போனது கொரிடோரஸ். சின்னன், வடிவு, சாது. ஆனால் தென்னமெரிக்க ஆறுகளின் மென்னீரில் வாழுவது. அதோடு, ம்புனா எண்டால் இடத்துக்காக நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிற சாதி. ஒதுங்கத் தெரியாத சின்னக் கெளுத்தியை அதற்குள் விடுவது, ரவுடிகள் விளையாடுகிற மைதானத்தில் நேர்சரிப் பிள்ளையை விடுவது மாதிரி.

இரண்டாவது பங்காசியஸ். கடையில் விரல் நீளத்தில் ‘சார்க்’ எண்டு விற்பார்கள், வளர்ந்தால் ஒரு மீற்றரைத் தாண்டும். சிவப்புவால் கெளுத்தியும் அப்படித்தான். வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும். என்ர மஞ்சள் மீன் எல்லாம் அதன் வாய்க்குள் அடங்கும்.

மூன்றாவது, எல்லாரும் சொல்லுகிற ‘ராங் கிளீனர்’. உறிஞ்சு வாயோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும் தென்னமெரிக்க மீன். வாங்கும்போது 5 சென்ரிமீற்றர், வளர்ந்தால் 40, 50. நாலடித் தொட்டியில் அது திரும்புவதே கஷ்டம். வளர வளரப் பாசி தின்பதும் குறையும், போடும் கழிவு கூடும். அப்ப ஆக்கள் என்ன செய்வினம்? கொல்ல மனம் வராது. பக்கத்துக் குளத்தில் ‘விட்டுவிடுவினம்’. அது இரக்கம் மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த மீன் இலங்கை நீர்நிலைகளில் பரவிவிட்டதாகப் பதிவாகியிருக்கு. உடம்பு முழுக்கக் கவசம் மாதிரித் தட்டு, செட்டையில் முள். வலையில் பட்டால் வலை கிழியும், சந்தையில் விலை போகாது. 1952 இல் விட்ட திலாப்பியா ஆக்களுக்குச் சோறாவது போட்டுது. தொட்டியில் இருந்து குளத்துக்குப் போன இந்த மீன் மீன்பிடிக்கிற ஆக்களுக்குக் கொடுத்தது கிழிந்த வலையை.

நாலாவது அன்சிஸ்ட்ரஸ். மூக்கில் தும்புத்தடி மயிர் மாதிரி முளைத்திருக்கும் சின்ன உறிஞ்சு கெளுத்தி. 12, 15 சென்ரிமீற்றருக்கு மேல் போகாது. இதுவும் தென்னமெரிக்காதான். ஆனால் இப்ப விற்பனைக்கு வருவது அநேகமாகத் தொட்டிகளில் பிறந்து வளர்ந்தவை, வன்னீருக்குப் பழகும். ம்புனா மாதிரியே தாவர உணவு தின்னும், அதால சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை. ஒளிக்க ஒரு குழாய்த் துண்டும் குகையும் இருந்தால் சமாளிக்கும். கையில் காசு குறைவு, தேட நேரமில்லை எண்டால் தயங்காமல் இதை எடுக்கலாம்.

கடைசியில் ஆபிரிக்காவின் சொந்தக் கெளுத்திகளிடம் வந்தேன். சினோடொண்டிஸ் எண்ட பேரினம். தலையில் தடித்த எலும்புக் கவசம். முதுகிலும் பக்கச் செட்டையிலும் பல்லுப்பல்லான முள், விரித்துப் பூட்டிக்கொள்ளும். பிடித்தால் அந்த முள்ளை உரசிக் கீச்செண்டு சத்தம் போடும். ம்புனா முட்டினாலும் அலட்டிக்கொள்ளாது. இதற்குள்ளும் தெரிவு இருக்கு. தலைகீழாய் நீந்துவதற்குப் பேர்போன நைகிரிவென்றிஸ் கொங்கோ ஆற்றுப் பக்கத்தது, சாதுவானது, ம்புனாவோடு சேர்க்கக் கூடாது. யூப்ரெறஸ் கடைகளில் லேசில் கிடைக்கும், வலிமையானது, ஆனால் 20 சென்ரிமீற்றரைத் தாண்டும், தன்னினத்தோடேயே மல்லுக்கு நிற்கும். பெரிய தொட்டியில் ஒன்றே ஒன்று எண்டால் சரி. மலாவி ஏரிக்கெண்டு ஒரேயொரு சினோடொண்டிஸ்தான் இருக்கு, நியாசே. நியாயப்படி அதுதான் முதல் தெரிவு. கொழும்பு வரை விசாரித்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது தங்கனிக்காவின் இரண்டு. ஒன்று மல்ரிபங்ரேற்றஸ். வெள்ளை உடம்பில் கரும்புள்ளி, பெரிய கண், பகலிலும் கூட்டமாய்த் திரியும். பார்த்த உடனே ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அதற்கு இன்னொரு பெயர் குயில் கெளுத்தி. மலாவி, தங்கனிக்கா சிக்லிட்கள் பலதில் தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். மூன்று கிழமை அளவுக்குச் சாப்பாட்டையே விட்டுவிட்டு இருக்கும். அந்தத் தாய் முட்டையிட்டு வாயில் எடுக்கும் நொடியில் குயில் கெளுத்தி இடையில் புகுந்து, சில முட்டையைத் தின்று, தன் முட்டையைக் கலந்துவிடும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரித்து, தாயின் வாய்க்குள் இருக்கிற சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். தாய் வாயைத் திறக்கும்போது வெளியே வருவது வேறு ஆளின் பிள்ளை. யப்பானிய ஆய்வாளர் தெற்சு சத்தோ 1986 இல் இதை உலகுக்கு அறிவித்தார்.

இதற்காகக் கெளுத்தியைக் கூடாதது எண்டு சொல்ல மாட்டேன். அது வாழுகிற விதம் அது. ஆனால் 2018 இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு முடிவைத் தந்தது. தங்கனிக்காவின் சிக்லிட்கள் இந்தக் கெளுத்தியோடு நெடுங்காலம் வாழ்ந்து, அந்நிய முட்டையைத் துப்பிவிடப் பழகியிருக்கின்றன. அதைக் கண்டிராத வேறு ஏரிச் சிக்லிட்கள்தான் அதிகமாய் ஏமாறுகின்றன. என்ர மஞ்சள் மீன்கள் மலாவிக்காரர். ‘இரண்டும் ஆபிரிக்கன்தானே’ எண்டு சேர்த்து விட்டால், ஒரு பக்கத்துக்கு ஆட்டத்தின் விதியே தெரியாது. வேணுமெண்டே குயில் கெளுத்தியைப் பெருக்குகிறவர்களும் இருக்கினம், அது அவர்களின் தெரிவு. தாய்மீன் ஒன்று பட்டினி கிடந்து வாய் வீங்கி நிற்பதைப் பார்த்த எனக்கு மனம் வரவில்லை.

அப்படியே லூசிபின்னிஸில் வந்து நின்றேன். கடைகளில் ‘பெற்றிக்கோலா’ எண்டு விற்பது பெரும்பாலும் இதைத்தான். 2006 இல்தான் தனி இனமாய் விபரிக்கப்பட்டது. 10 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும், காரநீருக்குப் பிறந்தது, நாலைந்து பேராய் இருந்தால் துணிவாய் வெளியே வரும். கொழும்பில் படிக்கிற கூட்டாளி இரவு பஸ்ஸில் நாலைக் கொண்டுவந்தான். முள்ளுக் குத்திப் பை ஓட்டையாகிவிடும் எண்டு, மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளியில், பற்றரிக் காற்றுப் பம்போடு. மூன்று கிழமை தனிப் பாத்திரத்தில் வைத்து, நோய் இல்லை எண்டு பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விட்டேன். செதில் இல்லாத மீனுக்கு மருந்து பலமாய் அடிக்கும், வந்த நோயை மாற்றுவதை விட வராமல் பார்ப்பது லேசு. அடியில் கூரான கல் இருந்தது, மீசை காயப்படும் எண்டு அதை அள்ளிவிட்டுக் கழுவிய மணல் போட்டேன்.

இப்ப அண்ணாவின் கேள்வி. அடியில் மிஞ்சுகிற சாப்பாடு என்ன ஆகுது? நாலு கெளுத்தியும் கொஞ்சத்தைத் தின்னும், உண்மை. தின்றதைக் கழிக்கவும் செய்யும். தொட்டிக்குள் போகிற மீன் எதுவானாலும் அமோனியா கூடும், குறையாது. அதிலும் காரநீரில் அமோனியா கூடுதல் நஞ்சு. பீ.எச். 7 இல் இருந்து 8 ஆகும்போது, அதே அளவு அமோனியாக் கழிவில் நஞ்சான பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு ஏறும். ஆபிரிக்கத் தொட்டியை ஒரு கெளுத்தியை நம்பி அழுக்காய் விட முடியாததற்குக் காரணம் இதுதான். அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்குவது பில்ரர் பஞ்சில் இருக்கிற பற்றீரியா. அந்த நைத்திரேற்றை வெளியேற்றுவது கிழமைக்கு ஒருக்கால் ரியூப்பும் வாளியுமாய்க் குந்தி இருக்கிற நான். உரம் போடுகிற தோட்டங்களுக்கு நடுவில் எங்கட கிணறு இருக்கிறதால, புதுத் தண்ணியிலேயே நைத்திரேற்று எவ்வளவு எண்டு பார்த்துக்கொள்ளுகிறேன். சாப்பாடு மிஞ்சினதற்கு மருந்து, போடுகிற சாப்பாட்டைக் குறைத்தது. இரண்டு நாளில் சரியாச்சு.

யோசித்துப் பார்த்தால், ஊத்தையைத் தின்ன ஒரு ஆள் இருக்கு எண்ட நினைப்பு மீனோடு நிற்கிற ஒன்றில்லை. எங்கட ஒழுங்கையைக் கூட்டுகிற அக்காவின் பெயர் எனக்கு அப்ப தெரியாது. ‘பிரதேச சபை வந்திட்டுது’ எண்டுதான் வீட்டில் சொல்லுவம், ஏதோ சபையே விளக்குமாறு தூக்கி வந்த மாதிரி. சுத்தம் செய்கிறவர்கள் என்ன சாப்பிடுவினம், எங்கே படுப்பினம் எண்டு கேட்கத் தேவையில்லாத ஓர் இடத்தில் அவர்களை வைத்திருக்கிறோம். கெளுத்திக்குச் சாப்பாடே போடாமல் ‘மிச்சத்தைத் தின்னும்’ எண்டு விட்டு, அது மெலிந்து சாகும் தொட்டிகள் நிறைய. என்ர தொட்டியில் விளக்கு அணைத்துப் பத்து நிமிசம் கழித்து, அடியில் தாழுகிற உணவுக் குளிசை கணக்காய் விழும். பகலில் போட்டால் ம்புனா பறித்துவிடும். புரதம் கூடின உணவு அதன் நீளமான குடலுக்கு ஒத்துவராது, வயிறு வீங்கும். இரவுச் சாப்பாடு இரண்டு பகுதிக்கும் நல்லது.

கடைசி விசயம் வயது. நன்றாய்ப் பார்த்தால் சினோடொண்டிஸ் பத்து வருசத்துக்கு மேல் வாழும். மீனின் நீளத்தைக் கேட்கிற நாங்கள் ஆயுளைக் கேட்பதில்லை. என்ர வகுப்பில் கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் இப்ப நாட்டில் இல்லை, மிச்சப் பாதி ஐ.ஈ.எல்.ரி.எஸ். படிக்குது. நானும்தான். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, நானும் அண்ணாவும் மாறி மாறி இருந்து, சுண்டால் தண்ணியை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றி ஒட்சிசன் கலந்தோம். ஒரு மீனும் சாகவில்லை. அப்படிக் காப்பாற்றின மனிசன் அடுத்த வருசம் போகவேண்டி வந்தது. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கு? ஆனால் ஆக்கள் போகிற ஊரில்தான் தொட்டிகள் மிஞ்சுது, மிஞ்சின தொட்டி மீன்தான் குளத்துக்குப் போகுது. பத்து வருச மீனை வாங்குகிற ஒருவர், தான் இல்லாத வருசங்களையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதனால் கெளுத்தி வாங்க முதல் நான் செய்த இன்னொரு வேலையையும் சொல்லுகிறேன். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் ஆண்டு படிக்கிற தங்கச்சி ஒருத்தி அடிக்கடி தொட்டிக்கு முன்னால் வந்து நிற்பாள். அவளையும் அவளுடைய அம்மாவையும் இருத்தி வைத்துக் கேட்டேன், நான் போகவேண்டி வந்தால் இதைப் பார்ப்பியா எண்டு. அவளுடைய அம்மா கரண்ட் பில் எவ்வளவு வரும் எண்டு கேட்டா. அது சரியான கேள்வி, கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்ப சனிக்கிழமைகளில் தண்ணி மாற்றுவது அவள்தான். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து, கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறாள். போன கிழமை அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். கெளுத்திகளுக்கு அவள் வைத்த நாலு பெயரும் அதில் இருந்தது. எது எது எண்டு எனக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரியும்.